பழைய ஹிமாலயன் 411 வாங்கியவர்களுக்கு: கோளாறு பார்க்கும் வரிசையும் வீட்டில் செய்யும் பராமரிப்பும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சந்தைக்கு வந்தது 2016இல். 2023 நவம்பரில் தண்ணீரால் குளிரும் 450 வந்ததும் அதன் காலம் முடிந்தது. இனி 411 வேண்டும் என்றால் யாரோ ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்க வேண்டும். தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒருசேர ஓடும் வண்டி என்பதால் முந்தைய உரிமையாளர் அதை எங்கெல்லாம் இழுத்துச் சென்றார், எத்தனை ஓடைகளில் இறக்கினார் என்பது நமக்குத் தெரியாது. இந்த வழிகாட்டி அப்படி வாங்கியவர்களுக்காக, முக்கியமாக ஸ்பேனரை இதுவரை கையில் எடுக்காதவர்களுக்காக. அதே எஞ்சினைக் கொண்ட ஸ்க்ராம் 411 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எஞ்சின் எளிமையானது. ஒரே சிலிண்டர், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஒரே பிளக், அந்தப் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஒரே காயில். பிஸ்டனின் விட்டம் 78 மி.மீ., அது மேலும் கீழும் ஓடும் வீச்சு 86 மி.மீ. குளிர்விப்பது காற்றும் ஆயிலும்தான். ரேடியேட்டரும் இல்லை, கூலன்ட்டும் இல்லை. வால்வுகளைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைத் திருகு நட்டை வைத்தே சரிசெய்யலாம். கோளாறு ஒளிந்துகொள்ள இடம் குறைவு என்பது ஒற்றை சிலிண்டரின் பெரிய வசதி. அதன் மறுபக்கம் அதிர்வு. மாதக்கணக்கில் அதிர்ந்துகொண்டே இருக்கும் வண்டியில் நட்டும் போல்ட்டும் வயர்களை இணைக்கும் கப்ளரும் தாமாகவே தளரும்.

நான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். கோளாறு பார்க்கும்போது செலவே இல்லாத காரணத்திலிருந்து தொடங்கி, செலவு வைக்கும் காரணத்தை நோக்கிப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், காயில், பேட்டரி மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி கிளம்பிவிட்டால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த முறை மலையில் நிற்கும்போது மீண்டும் மூன்றையும் வாங்க வேண்டியிருக்கும்.

வாங்கிய வாரத்திலேயே

விற்றவர் "போன மாதம்தான் சர்வீஸ் விட்டேன்" என்று சொல்லியிருப்பார். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் திரவம் ஆகியவற்றை முதல் வாரமே மாற்றிவிடுங்கள். ஒரு நோட்டில் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது.

அத்துடன் வண்டி எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் வந்தவை, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகள். 2017இல் பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்காகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2020இல் பிஎஸ் 6 ஆனது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை, பின்சக்கரத்துக்கு மட்டும் மண்பாதையில் அணைத்துவைக்கும் வசதியும் அப்போது சேர்ந்தது. ஸ்பேர் கடையில் ஆண்டைச் சொல்லாமல் பொருள் கேட்டால் தவறானது கைக்கு வர வாய்ப்பு அதிகம்.

இருட்டிய பிறகு, டார்ச் விளக்குடன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தப்புகிற ஆயில் கசிவு சாய்வாக விழும் வெளிச்சத்தில் மினுங்கும். ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்பி, கழுத்துப் பகுதியில் ஓடும் வயர்க் கட்டு எங்காவது இழுபடுகிறதா, உராய்ந்து தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி நிமிரும் இடம் அது. "சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை" என்கிற வகைக் கோளாறுகளைத் தேட வேண்டிய முதல் இடமும் அதுதான்.

வண்டி கிளம்பவில்லை

எந்த மூடியையும் கழற்றாதீர்கள். முதலில் கில் சுவிட்ச். வலக்கையருகே இருக்கும் அந்தச் சிவப்பு சுவிட்ச், வண்டியை நிறுத்தும்போதோ யாராவது உட்கார்ந்து பார்க்கும்போதோ அணைந்திருக்கும். அடுத்து நியூட்ரல் விளக்கு எரிகிறதா, சைடு ஸ்டாண்டு மேலே ஏறியிருக்கிறதா, கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதற்கு மீட்டரை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள்.

இப்போது சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று விநாடிகள் மெல்லிய ரீங்காரத்துடன் ஓடி நிற்கும். அந்த ஒலியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டுவைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். ஒலியே வரவில்லை என்றால் கில் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பம்புக்குப் போகும் கப்ளர் என்ற வரிசையில் பாருங்கள். மீட்டரில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் அது எரிந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு சென்சார் புகார் சொல்கிறது என்று பொருள்.

பிறகு ஸ்டார்ட்டர் பொத்தான். இங்கே மூன்று விதமான பதில்கள் வரும். எது வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

"டிக் டிக்" என்று மட்டும் கேட்டு, மீட்டர் வெளிச்சமும் மங்கினால் கோளாறு பேட்டரிப் பக்கம். உடனே புதிய பேட்டரி வாங்க ஓடாதீர்கள். இரண்டு முனைகளையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அதிர்வில் தளர்ந்த ஸ்க்ரூவும் வெள்ளை பூத்த முனையும் நல்ல பேட்டரியைச் செத்ததாகக் காட்டும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்ற நேர்ந்தால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். அதற்குப் பிறகும் முரண்டு பிடித்தால் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் தேவை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரி வலுவிழந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் ஏறத்தாழ 14 வோல்ட் வர வேண்டும். 13ஐக்கூடத் தொடவில்லை என்றால் குறை சார்ஜ் ஏறும் வழியில். பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, கட்டளைதான் போய்ச் சேரவில்லை. கிளட்ச் லீவர் அடியில் இருக்கும் சிறிய சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில் வைத்து முயன்று பாருங்கள்.

எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது. இங்கேதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத்திலிருந்து பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லையெனில் அது நேரே சிலிண்டருக்குள் விழும். வெளியே எடுத்த பிளக்கின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எரிதல் நன்றாக நடந்துகொண்டிருந்தது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு; ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வெளுத்துச் சுண்ணாம்பாகத் தெரிந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. பிசுபிசுப்பான ஆயில் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை, அல்லது நீங்கள் திரும்பத் திரும்ப அழுத்தியதில் பெட்ரோல் நிரம்பிவிட்டது. நிரம்பியிருந்தால் பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து பிடித்தபடி சில விநாடிகள் சுற்றுங்கள்.

பொறியைச் சோதிக்க, மாற்றுப் பிளக் ஒன்றைப் பிளக் கேப்பில் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, நிழலில் ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். நீலப் பொறி தெறிக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள்: சிலிண்டரிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பழைய பிளக்கை அதன் துளையிலேயே விட்டுவையுங்கள், பிளக்கை அந்தரத்தில் தொங்கவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள், காயிலுக்கு ஆபத்து.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது கியரில் தள்ளினால் கிளம்பும், ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்பை ஓட்டும் அளவுக்காவது பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். சாவி போட்டும் விளக்கே வராத வண்டியைப் பள்ளத்தில் உருட்டுவது வீண் உழைப்பு. ஏறத்தாழ 200 கிலோ எடையை மீண்டும் மேட்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கிறது

நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, முதல் கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது. புதியவர்களை மிகவும் பயமுறுத்தும் அறிகுறி இது. காரணம் பெரும்பாலும் சைடு ஸ்டாண்டு சுவிட்ச். ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியரில் போகவிடாமல் தடுப்பது அதன் வேலை. செம்மண் சேறு அதற்குள் புகுந்து காய்ந்துவிட்டால் ஸ்டாண்டு ஏறிய பிறகும் இறங்கியே இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டாண்டைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சிலர் சுவிட்சின் வயரை வெட்டி நிரந்தரமாக இணைத்துவிடச் சொல்வார்கள். வேண்டாம். இறங்கிய ஸ்டாண்டுடன் இடப்பக்கம் வளையும்போது அது தரையில் இடித்து வண்டியையே தூக்கிப்போடும்.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, பெட்ரோல் தீர்ந்ததுபோல் இழுத்து இழுத்து நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியில் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும். செலவு எதுவும் இல்லை.

வண்டி கீழே விழுந்து, தூக்கி நிறுத்திய பிறகு கிளம்பவில்லையா? சாய்வைக் கண்டு எஞ்சினை நிறுத்தும் சென்சார் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் உண்டு. சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடியும் போடுங்கள். கிளப்பும் முன் ஆயில் கசிகிறதா, கிளட்ச் லீவர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்குடன் நிறுத்திவைத்த வண்டி முதல் நாள் மிஸ்ஸிங் அடித்தால் (இடையிடையே எரியாமல் திணறினால்) பெட்ரோலைச் சந்தேகியுங்கள். கார்புரேட்டர் வண்டியில், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் அடியில் நீர் தனியாகத் தங்குவது தெரியும். 2023க்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்களின் ரப்பர் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

செயின்: அதிகம் தவறு நடக்கும் இடம்

சாதாரண பைக்கில் பழகியவர்கள் ஹிமாலயனின் செயின் தொங்குவதைப் பார்த்து, தளர்ந்துவிட்டது என்று இறுக்கிவிடுவார்கள். மண்பாதை வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழும் வெகுதூரம் போய்வரும்; ஹிமாலயனில் அது 180 மி.மீ. சக்கரம் மேலேறும்போது செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையிலான தூரம் கூடி, ஒரு கட்டத்தில் உச்சத்தைத் தொடும். நிற்கும்போது கச்சிதமாகத் தெரியும் செயின், பள்ளத்தில் இறங்கும்போது நரம்பு புடைத்ததுபோல் விறைக்கும். அந்த இழுவை முழுவதையும் தாங்குவது கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங். தளர்ந்த செயின் சத்தம் போடும். இறுகிய செயின் எஞ்சினையே திறக்க வைக்கும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து எடுத்து நேராகப் பிடித்துக்கொண்டு, கனமான இருவரை உட்காரச் சொல்லுங்கள். பின்சக்கர அச்சு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சுழலும் போல்ட், முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டுக்கு நெருங்கும்போது கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். அப்போதும் சிறிதளவு ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் உடனே தளர்த்துங்கள்.

அளக்கும் முறை இது. சக்கரத்தைச் சுற்றி, நாலைந்து இடங்களில் தொய்வைப் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எந்த இடத்தில் மிக இறுக்கமோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். எவ்வளவு தொய்வு, வண்டியை எந்த நிலையில் வைத்து அளப்பது என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கத்து அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு திருப்பி, ஸ்விங் ஆர்மில் உள்ள குறிகளை ஒப்பிட்டு, நட்டை இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். நட்டை இறுக்கும்போதே அளவு சற்று மாறும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயின் கண்ணிகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். துடைத்து, காய்ந்த பின் 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ உட்பக்கமாகப் போட்டு, மிச்சத்தைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிடுங்கள். ஒழுக ஒழுக ஆயில் போட்ட செயின் புழுதியைச் சேர்த்துக்கொண்டு உப்புத்தாளாக மாறும். இந்த வேலையை எஞ்சின் அணைந்த நிலையில், சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

ஆயில், ஏர் ஃபில்டர்

ஊற்ற வேண்டியது 15டபிள்யூ50 கெட்டித்தன்மையுள்ள, ஜாசோ எம்ஏ (பைக்குகளுக்கான ஜப்பானியத் தரம்) வகை ஆயில். இந்த எம்ஏ முக்கியம்: கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் ஊறுகின்றன, காருக்கான வழுக்கல் மிகுந்த ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். நிறுவனம் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. தார்ச்சாலையில் சீரான வேகத்தில் போகிறவருக்கு அது சரி. சென்னை நெரிசலில் அன்றாடம் ஓட்டுகிறவரும் மலைப்பாதையில் முதல் கியரில் ஏறுகிறவரும் 5,000இலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. இந்த எஞ்சினுக்கு ஆயில்தான் பாதிக் குளிர்விப்பு.

எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பானதும் வடியுங்கள். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். போல்ட்டை முதலில் விரலால் மட்டும் திருகி, மரை சரியாக ஏறியது தெரிந்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது எந்தப் பக்கம் உள்ளே இருந்தது என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓட்டி, அணைத்து, சில நிமிடம் பொறுத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வலப்பக்கக் கண்ணாடித் துளையில் அளவு பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு தவறும். முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் இடுக்குகளில் சேறு காய்ந்திருந்தால் மெல்லிய நீரால் கழுவுங்கள். பிரஷர் பம்பை அருகில் பிடித்தால் அதன் தகடுகள் மடங்கிவிடும். எடுத்த கழிவு ஆயிலை டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

காகித ஏர் ஃபில்டரைத் தட்டி, புழுதியை உதிர்க்கலாம். கழுவக் கூடாது. கம்ப்ரசர் காற்றை அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மாற்றும்போது பெட்டியின் விளிம்பு ரப்பரைத் தடவிப் பாருங்கள். ஃபில்டருக்குப் பின்பக்கம், அதாவது எஞ்சின் பக்கம், விரலில் புழுதி ஒட்டினால் காற்று சுற்றுவழியில் போகிறது. சிலிண்டர் சீக்கிரம் தேய்வதற்கு அதுவே போதும்.

டேப்பட்

காலையில் கிளப்பியதும் "டிக் டிக்" என்று லேசாகக் கேட்டு, சூடானதும் அடங்கினால் கவலை வேண்டாம். பலர் அந்தச் சத்தத்தை முழுதாகப் போக்கச் சொல்லி மெக்கானிக்கை நச்சரிப்பார்கள். அவரும் இடைவெளியைக் குறைத்துக் கொடுத்துவிடுவார். வண்டி அமைதியாகிவிடும். ஆனால் இறுகிய டேப்பட், வால்வை முழுதாக மூடவிடாது; எரியும் வாயு அந்த இடுக்கில் கசிந்து, வெளியேற்றும் வால்வின் விளிம்பை எரித்துவிடும். காலையில் கிளம்பச் சிரமம், சூடானபின் ஆக்சிலேட்டர் கொடுக்காத ஐட்லிங்கில் அணைதல், மேடேறும்போது இழுவைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் டேப்பட் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓர் இரவு முழுக்க ஆறிய நிலையில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துத்தான் அளக்க வேண்டும். முதல்முறை ஒரு நல்ல மெக்கானிக் செய்வதை அருகில் நின்று பாருங்கள். இரண்டாம் முறை அவர் அருகில் நிற்க நீங்கள் செய்யலாம்.

சக்கரமும் கழுத்தும்

முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. இரண்டிலும் ட்யூப். ஊர்ப்புறப் பஞ்சர் கடைகளில் 17 அங்குல ட்யூப் எளிதில் கிடைக்கும். 21 கிடைப்பது அரிது. எனவே பயணத்தில் 21 அங்குல ட்யூபைத்தான் சுமக்க வேண்டும். அவசரத்துக்கு அதையே மடித்துப் பின்சக்கரத்தில் போட்டு, மெதுவாக அடுத்த ஊர் வரை போய்விடலாம்.

ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமான கம்பி "டிங்" என்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று கேட்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் கால் சுற்று இறுக்கலாம். அதற்கு மேல் என்றால் சக்கரம் கோணிவிடும், ரிம் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கை மெக்கானிக்குகள் கோன் செட் என்பார்கள். மண்பாதை வண்டிகளில் சீக்கிரம் அடிவாங்கும் உறுப்பு இது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெதுவாக இடம் வலமாக நகர்த்துங்கள். நடுவில், வண்டி நேராகப் போகும் நிலையில், பள்ளத்தில் விழுவதுபோல் "டக்" என்று நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. பிறகு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் தளர்வு. தளர்வை இறுக்கலாம், பள்ளம் விழுந்ததை மாற்றத்தான் வேண்டும்.

பிரேக்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் லீவர் பஞ்சுபோல் உள்ளே போனால், சூட்டில் பிரேக் திரவம் கொதித்திருக்கிறது. இந்தத் திரவமும் ஈரத்தை இழுக்கும்; ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டாட் 4 திரவத்தை மாற்றுங்கள், திறந்துவைத்த பழைய குப்பியிலிருந்து ஊற்றாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரிய ஒற்றை சிலிண்டரின் எஞ்சின் பிரேக்கிங் பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்க்கை அழுத்தும் பேட்டின் தேய்மானம், அதைத் தாங்கும் காலிப்பரின் இடுக்கில் டார்ச் அடித்தாலே தெரியும். சக்கரத்தைக் கழற்றிவைத்திருக்கும்போது லீவரை அழுத்தக் கூடாது. பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். ஏபிஎஸ் வண்டியில் காற்று நுழைந்துவிட்டால் சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.

தண்ணீரில் நின்றுவிட்டால்

ஓடையைக் கடக்கும்போது எஞ்சின் அணைந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைக் கரைக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. பிளக் கேப்பைத் துடைத்துக் காயவைத்துக் கிளப்பலாம். ஃபில்டர் நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றி, கில் சுவிட்சை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும்; முகத்தை அங்கே வைக்காதீர்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகு ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலில் ஓட்டாமல் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பையில் வைப்பவையும் மெக்கானிக்கிடம் சொல்பவையும்

வண்டியின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், அலன் கீ செட், பிளக் ஸ்பேனர், ஒரு மாற்றுப் பிளக், இரண்டிரண்டு ஃபியூஸ்கள், கிளட்ச் கேபிள், செயின் லாக், 21 அங்குல ட்யூப், டயர் லீவர், கைப்பம்பு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, எம்சீல். வெறும் பட்டியலை நம்பாதீர்கள். இவற்றை மட்டுமே வைத்து வீட்டு வாசலில் பின்சக்கரத்தை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். எந்த ஸ்பேனர் குறைகிறது என்பது அப்போது தெரியும். கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்தே டேப்பால் கட்டி அதே வழியில் ஓட்டிவைத்தால், அறுந்த இடத்தில் இரண்டு முனைகளை மாற்றுவது மட்டுமே வேலை.

போர்க் ஆயில் சீல், பெட்ரோல் பம்ப், கிளட்ச் தட்டு, எஞ்சினைத் திறக்கும் எதுவும் மெக்கானிக்கின் வேலை. அவரிடம் "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா, எந்தக் கியரில், எந்த வேகத்தில், மேட்டிலா, சமதளத்திலா, கிளட்ச் பிடித்தால் சத்தம் நிற்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டால் நிற்கிறதா என்று சொல்லுங்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று நோட்டைக் காட்டுங்கள். முடிந்தால் அவரையே பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மாற்றிய பழைய பொருட்களைக் கேட்டு வாங்கி, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று அவரிடமே காட்டச் சொல்லுங்கள்.